உறங்கா இரவுகளும் மனப்பயிற்சி மருத்துவமும்



பசிக்கு உணவு போல, களைப்புக்கு இயற்கை வகுத்த மருந்து உறக்கம். விலையின்றிக் கிடைக்கும் அம்மருந்து எட்டாக்கனியாகிவிட்டவர் நம் குடும்பங்களில் பலர் உளர். "இரவெல்லாம் கண் மூடவில்லை" என்று அவர்கள் சொல்லுங்கால் நாம் தரும் விடைகள் பெரும்பாலும் மூன்றே. "மாத்திரை ஒன்று போட்டுக்கொள்" என்பது ஒன்று. "வயதானால் அப்படித்தான்" என்பது மற்றொன்று. "முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்" என்பது மூன்றாவது. நான்காவதாக ஒரு விடை உண்டு. அது மருந்துக் கடையில் விற்கப்படுவதன்று; கற்றுக்கொள்ளத் தக்கது. ஆசிரியப் பயிற்சியில் பழக்கமும் கற்றலும் பற்றிப் படித்த நமக்கு, அந்த விடை ஒரு பாடமாகவே தோன்றுகிறது. எனவே பாடமாகவே அதனை இங்குத் தருகின்றோம்.

இப்பாடத்தின் மையக் கருத்து ஒன்றுதான்: நாட்பட்ட உறக்கமின்மை என்பது பெரிதும் கற்றுக்கொள்ளப்பட்ட பழக்கம், கற்றதை முறையாகப் பயின்றால் மறக்கவும் இயலும்.

1. எது நோய், எது நோயன்று?

ஓரிரு இரவுகள் உறக்கம் கெடுவது நோயன்று. வீட்டில் திருமணம், பிள்ளைக்குத் தேர்வு, உறவில் இழப்பு ஆகிய காலங்களில் யாருக்கும் உறக்கம் கெடும். காரணம் நீங்கியதும் அது தானே சீராகும். வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேலாக, உறங்க வாய்ப்பிருந்தும் உறக்கம் வாராமலோ, இடையில் கலைந்தோ, விடியுமுன் விழித்தோ துன்புற்று, அதனால் பகற்பொழுதின் வேலையும் மனநிலையும் கெடுமாயின் அதனையே நாட்பட்ட உறக்கமின்மை என்று மருத்துவ நூலார் வரையறுக்கின்றனர்.

வரையறையின் இறுதிப் பகுதியைக் கவனிக்க. குறைவாக உறங்கியும் பகலில் சுறுசுறுப்பாக இருப்பவருக்கு நோய் இல்லை. இரவில் இரண்டொரு முறை விழித்து மீண்டும் உறங்கிவிடுவதும் இயல்பே. உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக அமைவது. ஒரு சுற்றின் முடிவில் சிறிது விழிப்பது எவர்க்கும் நேரும். அகவை கூடக் கூட இவ்விழிப்பும் கூடும். இதனை அறியாதார் ஒவ்வொரு விழிப்பையும் தோல்வியாக எண்ணிக் கவலையை வளர்த்துக்கொள்கின்றனர்.

2. மருந்தும் பொறியும் விறகும்

நாம் வாழும் வெம்பக்கோட்டைப் பகுதி வைப்பாற்றங்கரையில் அமைந்தது. 2022 முதல் இங்கு நடைபெற்ற அகழாய்வுகளால் இவ்வூரின் பெயரைத் தமிழகம் அறிந்தது. அதற்கு முன்னரே சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களோடு சேர்ந்து பட்டாசுத் தொழிலால் அறியப்பட்ட ஊர் இது. ஆகவே இவ்வூரார்க்குப் புரியும் உவமை ஒன்றினாலே விளக்குவோம்.

தீ மூள்வதற்கு முதலில் எரியக்கூடிய மருந்து வேண்டும். அடுத்து ஒரு பொறி விழ வேண்டும். மூண்ட தீ அணையாதிருக்க விறகு இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உறக்கமின்மைக்கும் இம்மூன்று காரணங்களையே அமெரிக்க உளவியல் அறிஞர் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்துக் காட்டினார். எதற்கும் எளிதில் பதறும் பிறவி இயல்பு மருந்து போன்றது. நோய், கடன், இறப்பு, பணி ஓய்வு போன்ற நிகழ்ச்சி பொறி போன்றது. பொறி விழுந்த பின் நாமே நல்லெண்ணத்துடன் மேற்கொள்ளும் சில பழக்கங்கள் விறகு போன்றவை.

அவ்விறகு யாது? இரவில் உறங்கவில்லையே என்று மாலை எட்டு மணிக்கே படுத்துக்கொள்ளுதல். காலையில் விழித்த பின்னும் "கொஞ்சம் கண்ணயரலாம்" என்று கிடத்தல். பகலில் நெடிது உறங்குதல். மணிக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்து எஞ்சிய நேரத்தை எண்ணுதல். களைப்பைப் போக்கக் காப்பியும் தேநீரும் மிகுதியாக அருந்துதல். இவை யாவும் இழந்த உறக்கத்தை மீட்கும் முயற்சிகள். ஆயினும் தீயை நெடுநாள் எரியச் செய்வன இவையே. பொறி எது என்று ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பதை விட, விறகை இழுத்துவிடுவது எளிது. மனப்பயிற்சி மருத்துவத்தின் தத்துவம் இதுதான்.

இம்மருத்துவத்தை 'உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்பர், சுருக்கமாக 'சி.பி.டி.–ஐ' என்று மருத்துவர் குறிப்பிடுவர். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் இதனைக் கற்பித்துவிடுவார்.

3. படுக்கை கற்றுக்கொண்ட தவறான பாடம்

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் ரஷ்ய அறிஞர் பாவ்லவின் சோதனையை மறந்திருக்கமாட்டார். உணவுடன் ஓர் ஒலியைப் பன்முறை சேர்த்துக் கேட்பித்தால், பின்னர் அவ்வொலி ஒன்றே நாயின் வாயில் நீர் ஊறச் செய்யும். படுக்கைக்கும் இந்நியதி பொருந்தும். படுத்தவுடன் உறங்குவார்க்குப் பாயும் தலையணையும் உறக்கத்தின் அடையாளங்கள். ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் புரண்டு, கணக்குப் பார்த்து, கண்ணீர் வடித்தவர்க்கு அதே பாய் விழிப்பின் அடையாளமாகிவிடுகிறது. கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தவர், எழுந்து அறைக்குச் சென்று படுத்த கணமே விழிப்புற்று விடுவதன் காரணம் இதுவே.

இத்தவறான பாடத்தை அழித்தெழுதும் முறையை ரிச்சர்டு பூட்சின் என்னும் உளவியலார் 1972 ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் விதிகளை நம் இல்லங்களுக்கு ஏற்பத் தருகின்றோம்.

(அ) உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுக்க வேண்டும். களைப்பு வேறு, உறக்கம் வேறு. உடல் சோர்ந்திருந்தும் உள்ளம் விழித்திருக்கலாம். இமை கனப்பதும் தலை சாய்வதும் உறக்கத்தின் அறிகுறிகள்.

(ஆ) படுக்கை உறங்குவதற்கே உரியது. இல்லறத்தார்க்குத் தாம்பத்தியம் மட்டும் விதிவிலக்கு. தொலைக்காட்சி, கைப்பேசி, வரவு செலவுக் கணக்கு, குடும்ப விவாதம் ஆகியவை படுக்கைக்கு வெளியே நிகழட்டும்.

(இ) ஏறத்தாழ இருபது நிமிடம் உறக்கம் வாராதிருந்தால் எழுந்து வேறிடம் செல்க. கடிகாரம் பார்க்க வேண்டா. மனம் எரிச்சலுறத் தொடங்குவதே எழும் நேரம் என்று கொள்க. மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஒன்றைச் செய்து, உறக்கம் வந்ததும் திரும்புக.

(ஈ) மீண்டும் உறக்கம் வாராவிடில் மீண்டும் எழுக. ஓரிரவில் எத்தனை முறையாயினும் சரியே.

(உ) எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுக. ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும் விலக்கில்லை.

(ஊ) பகலுறக்கம் தவிர்க்க. தவிர்க்க இயலாத முதியோர் பிற்பகல் மூன்று மணிக்கு முன் அரை மணிக்கு மிகாமல் இளைப்பாறலாம்.

"எங்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறை, எங்கே எழுந்து போவது?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான வினாவே. திண்ணையில் அமரலாம், அதுவும் இல்லையேல் பாயை விட்டு விலகிச் சுவரோரம் சாய்ந்தமரலாம். பாயில் இல்லை என்பதுதான் முக்கியம். பாயில் உறங்குவார்க்கு ஒரு வசதியும் உண்டு: காலையில் சுருட்டி வைத்துவிட்டால் பகலில் படுக்க மனம் நாடாது. முதியோர் இருளில் எழுந்து நடப்பதாயின் வழியில் சிறு விளக்கும் பிடிமானமும் இருத்தல் வேண்டும். தடுக்கி விழும் அச்சமுடையோர் எழ வேண்டா. படுக்கையிலேயே நிமிர்ந்தமர்ந்தால் போதும்.

4. நாட்குறிப்பும் கணக்கும்

இரண்டாம் பயிற்சி கேட்பதற்கு வியப்பூட்டும். உறக்கம் குறைந்தவரைப் படுக்கையில் இன்னும் குறைந்த நேரமே கிடக்கச் சொல்லுவது அது. ஸ்பீல்மனும் அவர்தம் உடனாய்வாளரும் 1987 இல் இதனை விளக்கினர்.

இதன் அடிப்படையை அறிய, ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகர அறிஞர் அலெக்சாண்டர் போர்பெய் 1982 இல் வகுத்த கோட்பாட்டை அறிதல் நலம். விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் உறக்கத்தின் மீதான நாட்டம் உடலில் ஏறிக்கொண்டே வருகிறது, உறங்கியதும் இறங்குகிறது. இத்துடன், பகலிரவை உணரும் உடற்கடிகாரம் ஒன்றும் இயங்குகிறது. இவ்விரண்டும் இணையும் வேளையில் நல்லுறக்கம் வாய்க்கும். மாலை ஆறு மணிக்குச் சிற்றுண்டி நிறைய உண்டவர்க்கு எட்டு மணிக்குப் பசிக்குமா? நீண்ட நேரம் படுத்துக் கிடப்பதும் அடிக்கடி கண்ணயர்வதும் அத்தகைய நொறுக்குத் தீனியே.

எடுத்துக்காட்டாக, அறுபது வயது அம்மையார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார். படுக்கையில் கழிப்பது 9 மணி நேரம். ஒரு வாரம் காலைதோறும் உத்தேசமாகக் குறித்த உறக்க நேரம்: 5, 6, 4½, 6, 5½, 5, 6½ மணி. கூட்டினால் 38½, ஏழால் வகுத்தால் சராசரி 5½ மணி. ஐந்தரையை ஒன்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 61 வரும். படுக்கையில் கழித்த நேரத்தில் நூற்றுக்கு 61 பங்கே உறக்கம். எஞ்சிய 39 பங்கும் வேதனை.

இவ்வம்மையார் இனி ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருத்தல் வேண்டும். எழும் நேரம் 5 மணி என்று உறுதி செய்தால், படுக்கும் நேரம் இரவு 11.30 ஆகும். முதல் வாரம் கடினமாகவே இருக்கும். பகலில் தள்ளாட்டமும் எரிச்சலும் தோன்றும். ஆனால் உறக்க நாட்டம் திரண்டு நிற்பதால் விழித்துக் கிடக்கும் நேரம் குறையும். அடுத்த வாரச் சராசரி 5 மணி என்றாலும், ஐந்தரையில் ஐந்து என்பது நூற்றுக்கு 91 ஆகும். நூற்றுக்கு 85 அல்லது அதற்கு மேல் வந்தால் 15 நிமிடம் கூட்டி 11.15 க்குப் படுக்கலாம். 80 முதல் 85 வரையெனில் நேரத்தை மாற்ற வேண்டா. 80 க்குக் கீழெனில் 15 நிமிடம் குறைக்கலாம். ஆயினும் ஐந்து மணிக்குக் கீழே ஒருபோதும் செல்லலாகாது. இவ்வாறு வாரந்தோறும் கணக்கிட்டு, பகற்சோர்வு நீங்கும் அளவு வரை நேரத்தை வளர்த்துச் செல்லுவர்.

நாட்குறிப்பினால் வேறொரு பயனும் உண்டு. உறக்கமின்மையால் வருந்துவோர் தாம் உறங்கிய நேரத்தை உண்மையினும் குறைவாக மதிப்பிடுவது பொதுவான இயல்பு. "இரவு முழுதும் உறங்கவில்லை" என்பவர் ஏட்டில் ஐந்து மணி நேரம் எழுதக் காணும்போதே அச்சம் பாதி தணியும்.

5. பட்டாசுத் தொழிலாளர்க்கு ஒரு தனிக் குறிப்பு

நூல்களில் உள்ளதை அப்படியே நம்மூரில் நடைமுறைப்படுத்தல் இயலாது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மேற்கூறிய நேரச் சுருக்கம் முதற்சில வாரங்களில் பகலுறக்கத்தையும் கவனக் குறைவையும் உண்டாக்கும். வெயில் ஏறுமுன் வெடிமருந்து கலந்து முடிப்பது பட்டாசுத் தொழிலின் வழக்கம். உராய்வும் வெப்பமும் பகையாகும் வேலை அது. அங்கே ஒரு நொடிக் கண்ணயர்வின் விலை யாது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று இப்பகுதியில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மறைந்தன. அவ்விபத்துக்கும் உறக்கத்துக்கும் தொடர்பு கற்பிப்பது நம் கருத்தன்று. அத்தகைய தொழிலில் கவனம் எத்துணை இன்றியமையாதது என்பதையே நினைவூட்டுகின்றோம்.

ஆகவே மருந்து கலப்போர், மருந்து செலுத்துவோர், ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர், இயந்திரத்தில் நிற்போர் ஆகியோர் இந்நேரச் சுருக்கத்தைத் தாமே மேற்கொள்ளலாகாது. அவர்களுக்கு மென்மையான மாற்றுவழி உண்டு: படுக்கை நேரத்தை ஒரேயடியாக வெட்டாமல், வாரத்துக்குக் கால் மணி அல்லது அரை மணி வீதம் மெல்லச் சுருக்குவது. அதனையும் மருத்துவர் அறிவுரையுடன், இயலுமாயின் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் தொடங்குவது நன்று. எழும் நேரத்தை நிலைப்படுத்துதல், படுக்கையை உறக்கத்துக்கே ஒதுக்குதல் ஆகியவற்றால் இத்தகைய இடர் இல்லை. உறங்காத இரவுக்குப் பின் வேலைக்குச் செல்ல நேர்ந்தால், அன்று மருந்தறையை விடுத்துப் பெட்டி ஒட்டுதல் போன்ற வேலையைப் போர்மேனிடம் கேட்டுப் பெறுவது கோழைத்தனமன்று. தன்னுயிரும் பிறவுயிரும் காக்கும் அகிம்சை அது.

வலிப்பு நோயுடையோர், உறக்கத்தில் எழுந்து நடப்போர், மிகு களிப்பும் மிகு சோர்வும் மாறி மாறி வரும் மனநோயுடையோர், எளிதில் விழும் முதியோர் ஆகியோரும் மருத்துவரைக் கேளாமல் நேரச் சுருக்கத்தைத் தொடங்கலாகாது.

வெடிவிபத்தைக் கண்டவர், உறவினரை இழந்தவர் சிலருக்கு உறக்கமின்மையின் காரணம் வேறாகலாம். அதே ஓசை, அதே புகை கனவில் திரும்பத் திரும்ப வந்து அலறி எழச் செய்யும். அச்சத்தால் அவர்கள் உறக்கத்தையே தவிர்ப்பர். இவர்களுக்கு அதிர்ச்சிக்கான தனிச் சிகிச்சை வேண்டும். கொடுங்கனவின் முடிவை விழிப்பு நிலையில் வேறாக மாற்றி எழுதி, அப்புதிய கதையை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பயிலும் முறை ஒன்றும் உளவியலாரிடம் உண்டு. "மறந்துவிடு" என்னும் சொல் இவர்களுக்கு மருந்தாகாது.

6. எண்ணத்தைத் திருத்துதல்

நடத்தையை மாற்றினால் மட்டும் போதாது. எண்ணத்தையும் ஆராய வேண்டும். "எட்டு மணி நேரம் உறங்காவிட்டால் நாளை நான் ஒன்றுக்கும் ஆகமாட்டேன்" என்பது ஓர் எண்ணம். உளவியலார் அதனை மறுக்கமாட்டார், வினவச் செய்வார். சென்ற மாதம் அரைகுறையாக உறங்கிய நாளில் சமையல் நின்றதா? பேரப்பிள்ளை பள்ளிக்குச் செல்லாதிருந்தானா? "களைப்பாக இருந்தது, ஆயினும் வேலைகள் நடந்தன" என்பதே பெரும்பாலும் விடையாகும். அவ்விடையை ஏட்டில் எழுதி வைத்தால், நள்ளிரவில் அச்சம் எழும்போது அதுவே துணையாகும்.

வியன்னா நகர மருத்துவர் விக்டர் பிராங்கல் மற்றொரு வழியைக் காட்டினார். உறங்க வேண்டும் என்று முயல்வதே உறக்கத்துக்குப் பகை என்பது அவர் கண்டது. ஆகவே உறங்க முயலாதே. இருளில் அமைதியாகப் படுத்து, "எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும், பார்ப்போம்" என்று இரு என்றார். முயற்சி தளர்ந்ததும் உறக்கம் தானே நெருங்கும். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கலாகாது என்று இறுக இறுக நடுக்கம் மிகுவதை நாம் அறிவோம். உறக்கமும் அத்தகையதே.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவதும் நற்பயிற்சி. மாலையில் கால் மணி நேரம் அமர்ந்து, மனத்தை அரிப்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் நாளை செய்யத்தக்க சிறு செயலைக் குறித்து மூடிவைக்க வேண்டும். இரவில் அக்கவலை எட்டிப் பார்த்தால், "உனக்குரிய நேரம் நாளை மாலை" என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

7. நம் ஒழுக்கமும் இப்பயிற்சியும்

உறக்கத்தை நம் ஆசாரியர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர். தத்வார்த்த சூத்திரத்தின் எட்டாம் அதிகாரம் தரிசனாவரணீய கருமத்தை ஒன்பது வகையாக்கும்போது, அவற்றுள் ஐந்தனை நித்திரை பற்றியே கூறுகிறது: நித்திரை, நித்திரா நித்திரை, பிரசலை, பிரசலா பிரசலை, ஸ்தியானகிருத்தி என்பன. இறுதியில் வருவது உறக்கத்திலேயே எழுந்து செயல் புரியும் நிலை.

இதனைச் சுட்டி, "உறக்கம் வாராமையும் கருமந்தானே, மருத்துவம் எதற்கு?" என்பார் உளர். காய்ச்சலுக்கு மருந்துண்ணும் நாம் இதற்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? நல்ல முயற்சியைக் கைவிடுமாறு நம் அறம் எங்கும் சொல்லவில்லை. மண்ணில் துயிலுதலை இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்றாகக் கொண்டு, சிறிதே துயிலும் முனிவர்களை எண்ணி, "அவர்களால் முடிகிறதே" என்று இல்லறத்தார் தம்மை நொந்துகொள்வதும் வேண்டா. துறவற ஒழுக்கம் வேறு. நோயால் உறக்கம் இழப்பது வேறு.

பகலுணவு விரதம் இப்பயிற்சிக்குத் துணை நிற்கிறது. கதிரவன் மறையுமுன் உண்டால், நிறைந்த வயிற்றோடு படுப்பதால் வரும் நெஞ்செரிச்சல் குறையும். ஆனால் நீரிழிவு நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை கொள்வோர், நீண்ட இரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் படபடப்புமாக விழித்தெழக்கூடும்; அவர்கள் உணவு நேரத்தை மருத்துவரிடம் தெரிவித்து மருந்தளவை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

சாமாயிகம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். மாலைச் சாமாயிகமும் பிரதிக்கிரமணமும் படுக்கைக்கு வெளியே, உரிய ஆசனத்தில், உரிய பொழுதில் நிகழ்வன. பகலின் குற்றங்களை அங்கேயே எண்ணி வருந்தி முடித்தபின், படுக்கையில் மீண்டும் விசாரணை நடத்த வேண்டா. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: சாமாயிகத்தை உறக்க மாத்திரையாக ஆக்கலாகாது. "இதைச் செய்தால் உறக்கம் வரவேண்டும்" என்ற எதிர்பார்ப்பு புகுந்த அளவிலே அதுவும் மற்றொரு முயற்சியாகிவிடும், சமநிலையும் கெடும்.

8. ஆய்வுகள் கூறுவன

இம்முறை மாத்திரைக்கு ஈடாகுமா என்பது இயல்பான ஐயம். சார்லஸ் மோரின் என்னும் உளவியலாரும் குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 65 ஆன 78 பேர் பங்கு கொண்டனர். மாத்திரை பெற்றோரும் பயிற்சி பெற்றோரும் தொடக்கத்தில் நலமடைந்தனர். ஆனால் பயிற்சி பெற்றோரின் நலம் பிற்காலத்திலும் நிலைத்தது. மாத்திரை மட்டும் பெற்றோரின் நலம் நிலைக்கவில்லை. 2016 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட உறக்கமின்மையுடைய எல்லா வயது வந்தோர்க்கும் முதற்சிகிச்சையாக இதனையே பரிந்துரைத்தது.

உறக்கமின்மையுடைய, அறுபதும் அதற்கு மேலும் வயதான 291 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2021 இல் வெளிவந்தது. உறக்கம் பற்றிய பொதுக் கல்வி மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு மனச்சோர்வு நோய் தோன்றியது. இச்சிகிச்சை பெற்றோருள் அது 12 ஆக இருந்தது. உறக்கத்தைச் சீர்செய்வது மனத்தையும் காக்கும் என்பது இதனாற் புலனாகும்.

இவற்றைப் படித்து, பல ஆண்டுகளாக உட்கொள்ளும் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடலாகாது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். எழுதித் தந்த மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்பதும் தீது.

9. யாரிடம் செல்வது?

பயிற்சிக்கு முன் வேறு நோய் உண்டா என்று பார்த்தல் வேண்டும். உரத்த குறட்டையுடன் மூச்சு இடையிடையே நின்று திணறுதல், படுத்ததும் கால்களில் தாங்கொணாக் குறுகுறுப்பு, தைராய்டு மிகை, தீராத வலி ஆகியவற்றுக்குத் தனி மருத்துவம் உண்டு. எதிலும் விருப்பின்மை, அழுகை, "வாழ்ந்து என்ன பயன்" என்னும் பேச்சு ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மனநல மருத்துவரைக் காண வேண்டும்.

நம் பகுதியினர்க்கு 2022 சனவரியில் தொடங்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. பிற மாவட்டங்களில் வாழும் நம் உறவினர் தத்தம் மாவட்ட அரசு மருத்துவமனையை அணுகலாம். வீட்டிலிருந்தே பேச விரும்புவோர்க்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416 உண்டு. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் செல்வதை இழிவாக எண்ணும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பெண் பார்க்க வருவோர் அறிந்தால் என்ன நினைப்பர் என்று அஞ்சி, மணமாகாத மகளின் உறக்கமின்மையை மறைக்கும் பெற்றோரும் உளர். மறைப்பதால் நோய் வளருமேயன்றித் தீராது.

10. இல்லத்தார் கடமை

பயிற்சியை மேற்கொள்பவர் நள்ளிரவில் எழுந்தமர்ந்தால், "ஏன் உறங்கவில்லை?" என்று கேட்க வேண்டா. காலையில், "இரவு எப்படி?" என்று நாள்தோறும் விசாரிப்பதும் வேண்டா, அன்பான அவ்வினாவே மற்றொரு தேர்வாகிவிடும். தாயாரின் எழும் நேரத்தை மதித்து, விடுமுறை நாளிலும் அந்நேரத்தில் அவரை எழுப்பித் திண்ணை வெளிச்சத்தில் அமர்த்துவது உண்மையான உதவியாகும். குடும்பத்தில் அனைவர்க்கும் பின்னரே படுத்து அனைவர்க்கும் முன்னரே எழும் மருமகளுக்கு உறக்கமின்மை நோய் இல்லாதிருக்கலாம். உறங்க நேரமே இல்லாதிருக்கலாம். அவருக்கு வேண்டுவது சிகிச்சையன்று, வேலைப் பகிர்வே.

சிந்தித்து விடை காண்க:

1. உங்கள் இல்லத்தில் உறக்கமின்றி வருந்துபவரின் நிலையில் மருந்து எது, பொறி எது, விறகு எது?

2. ஒருவர் இரவு 10 மணி முதல் 6 மணி வரை படுக்கையில் இருந்து 6 மணி நேரம் உறங்கினால், நூற்றுக்கு எத்தனை பங்கு உறக்கம்? (விடை: 75)

3. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் இளைஞர் ஒருவர் நேரச் சுருக்கத்தைத் தாமே தொடங்க எண்ணுகிறார். நீங்கள் கூறும் அறிவுரை யாது?

முதல் வினாவைக் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து ஆராய்வீராக. இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதி, அதனை மருத்துவரிடம் எடுத்துச் செல்வீராக. அவ்வேடு கையில் இருந்தால் மருத்துவர்க்கும் வேலை எளிதாகும். கற்பார்க்கும் முதற்பாடம் முடிந்திருக்கும். அனைவரும் உடல்நலமும் மனநலமும் பெற்று அறவழியில் ஓங்கி வாழ்க.